நோர்வே அக்காவின் கொப்பி

எனக்கு மிதவைக்கும் பறவைக்கும் வித்தியாசம் தெரியாது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் நான் சொல்லப்போவதில் எவ்வளவை நம்பலாம் என்று முடிவெடுக்க அது உங்களுக்கு உதவும்.

லண்டன் விமான நிலையத்துக்குத் தென்மேற்கே இரண்டு பெரிய நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. நடுவே நீளமாக ஒரு கரைப்பாதை. தை மாதத்துக் காலையில் அந்தப் பாதையில் வீசும் காற்று, காதைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டுப் போகும். அங்கே இரவல் பைனாகுலரோடு நின்றுகொண்டு நான் முப்பது நிமிடம் ஒரு மிதவையைக் கண்காணித்தேன். அது தலையைத் தூக்கியது. அலையில் முங்கியது. மறுபடி எழுந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வடதுருவப் பக்கத்துக் கடலிலிருந்து வந்த ஒரு பெரிய முக்குளிப்பான் அந்தத் தண்ணீரில் எங்கோ இருப்பதாகச் சொல்லி, விடியற்காலையிலிருந்து ஏழெட்டு வெள்ளைக்காரப் பெரியவர்கள் டெலஸ்கோப்போடு விறைத்துக்கொண்டு நின்றார்கள். நான் கையை நீட்டி, எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் ஒரே மூச்சில் செலவழித்து, "அங்கே" என்றேன். ஏழெட்டு டெலஸ்கோப்பும் ஒன்றாகத் திரும்பின. பிறகு அவர்களில் மிக வயதானவர், இழவு வீட்டில் கதைப்பதுபோலத் தணிந்த குரலில், "அதற்குச் சங்கிலி கட்டியிருக்கிறது" என்றார்.

என்னோடு அங்கே வந்திருந்தவர் சிரிக்கவில்லை. தன் கொப்பியைத் திறந்து, என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வடிவாப் பாத்தனீரோ, தம்பி?"

"பாத்தனான் அக்கா."

"அப்ப எழுதுறன்" என்று எழுதினார்.

நாங்கள் அவரை நோர்வே அக்கா என்றுதான் கூப்பிட்டோம். சொந்தப் பெயர் சம்பளத்தாளில் இருந்தது. வேறெங்கும் அதற்கு வேலை இருக்கவில்லை. ஹவுன்ஸ்லோவுக்கு அந்தப் பக்கம், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் கூடம் ஒன்றில் நாங்கள் வேலை செய்தோம். நான் தட்டு வண்டிகளை லொறியில் ஏற்றுகிறவன். அவர் சலாட் பகுதியில் ஒரு கிண்ணத்துக்கு மூன்று ஒலிவ் வீதம் போடுகிறவர். அவருக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். லண்டனுக்கு வருமுன் நோர்வேயின் வட நுனியில், ரஷ்ய எல்லைக்குக் கிட்ட, ஒரு மீன்பிடித் துறைமுகத்தில் பன்னிரண்டு வருடம் மீன் வெட்டியவர். அங்கே குளிர்காலத்தில் சூரியனே வராது என்பார். அந்த இருட்டில் என்னதான் செய்தீர்கள் என்று கேட்டால், "பறவை பாத்தனான்" என்பார். சூரியன் இல்லாத ஊரில் எப்படிப் பார்ப்பது என்று கேட்டதற்கு, "கொஞ்ச நேரம் நீலமா ஒரு வெளிச்சம் வரும். அது காணும், அவ்வளவு போதும்" என்றார்.

குளிர்காலத்துச் சனிக்கிழமைகளில் அவர் தனியாக ஒரு பையைத் தூக்கிக்கொண்டு எங்கோ போய்வருவது கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். யாரிடம் போகிறார் என்பதில்தான் கருத்து வேறுபாடு. நான் வேவு பார்க்கும் நோக்கத்தோடு, "பஸ் ஓடாதாம் அக்கா, நான் காரிலை விடுறன்" என்று முன்வந்தேன். காதலனைப் பிடிக்கப் போன இடத்தில் மிதவையைப் பிடித்த கதை அதுதான்.

அவருடைய கொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாடசாலைப் பிள்ளைகள் வைத்திருக்கும் சாதாரணக் கொப்பி. ஒவ்வொரு பக்கத்திலும் அடிமட்டம் வைத்து இரண்டு கோடு இழுத்து மூன்று பத்தியாகப் பிரித்திருப்பார். முதல் பத்தியின் தலையில் 'கண்டது', இரண்டாவதில் 'கேட்டது', மூன்றாவதில் 'ஆக்கள் சொன்னது'. புதருக்குள் ஒரு குரல் மட்டும் கேட்டால், அது எந்தப் பறவையென்று நூற்றுக்கு நூறு தெரிந்தாலும் இரண்டாவது பத்தியில்தான் போடுவார். டெலஸ்கோப்காரப் பெரியவர்கள் வந்து இன்னது நிற்கிறது என்று சொன்னால் மூன்றாவது பத்தி. என் மிதவையும் அங்கேதான் இருக்கிறது. 'பெரிய முக்குளிப்பான் 1 (தம்பி). மிதவை.' அடைப்புக்குறிக்குள் என்னைப் போட்டிருக்கிற ஒரே ஆவணம் அது.

அந்தப் பெரியவர்கள் அவருக்கு மரியாதை கொடுத்தார்கள். அவருடைய ஆங்கிலத்தில் அதிகம் உழைத்த இரண்டு சொற்கள் "நாட் ஷுவர்". ஆனால் ஷுவர் என்று அவர் சொல்லிவிட்டால், பாதையின் அந்தக் கோடியில் நிற்பவர்கூட மூட்டு வலியை மறந்து ஓடிவருவார்.

இதெல்லாம் பறவையோடு நின்றிருந்தால் எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. நிற்கவில்லை.

கூடத்தில் குளிர் அறையின் சுவரில் ஒரு தாள் தொங்கும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை வெப்பநிலையைப் பார்த்து அதில் எழுத வேண்டும். ஷிப்ட் தொடங்கும்போதே முழு நாளுக்கும் எழுதிவிடுவது எங்கள் வழக்கம். அதிலும் நான் ஒரு கலைஞன். எல்லாவற்றையும் மூன்று என்று எழுதினால் சந்தேகம் வரும் என்று மூன்று, மூன்று, நான்கு, மூன்று என்று இயற்கை எழில் குறையாமல் எழுதுவேன். அக்காவின் முறை வரும் நாட்களில் தாளில் ஓட்டை விழும். வேலை நெருக்கத்தில் போய்ப் பார்க்க முடியாத நேரத்துக்கு நேரே 'பார்க்கவில்லை' என்று எழுதிவைப்பார். சூப்பர்வைசர் தலையில் கை வைத்தார்.

"அக்கா, ஒரு மூண்டைப் போட்டுவிடுங்கோவன். ஆருக்கென்ன நட்டம்?" என்றேன்.

"நான் பாக்கேல்லையே."

"அது எப்பவும் மூண்டுதானே."

"அப்ப ஏன் தாள்?" என்றார். அடுத்த மாதம் ஒரு நாள் குளிரூட்டி நின்றுபோய்க் கோழியெல்லாம் வியர்த்துக்கொண்டு கிடந்தபோது, சுவரில் என் கையெழுத்தில் மூன்று, மூன்று, நான்கு, மூன்று என்று அழகாக இருந்தது. அந்த எச்சரிக்கைக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

பார்க்கிங் என்ற கிழக்கு லண்டன் ஊரிலிருந்து ஒருவர், தன் மகளுக்கு நோர்வேயில் பேசியிருக்கும் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிக்க அக்காவுக்குப் போன் எடுத்தார். மாப்பிள்ளை வீடு இவர் இருந்த ஊர். நல்ல குடும்பமோ என்று கேட்டார். "நான் அவையின்ர வாசல் கதவைத்தான் கண்டனான். பச்சை நிறம்" என்றார் அக்கா. கேட்டவர் அதற்குள் ஏதோ பெரிய இரகசியம் ஒளிந்திருக்கிறது என்று பயந்து சம்பந்தத்தையே நிறுத்திவிட்டார். ஆர்ச்வே முருகன் கோயில் திருவிழாவில் பக்கத்தில் நின்ற ஒருத்தி கண்ணீர் மல்க, "இண்டைக்கு முருகன்ர முகத்தைப் பாத்தனீங்களே, சிரிச்சுக்கொண்டு நிக்கிறார்" என்றாள். "நான் நிக்கிற இடத்திலை மாலைதான் தெரியுது" என்றார். சுவாமிக்கும் அவரிடம் சலுகை இல்லை. தன் கணவரைப் பற்றி அவர் எங்களிடம் ஒரு நாளும் பேசியதில்லை. அந்த மனிதர் எந்தப் பத்தியில் இருந்தார் என்று எனக்குத் தெரியாது.

எங்களோடு சுகந்தி என்றொருத்தி தட்டு அடுக்கும் மேசையில் வேலை செய்தாள். அமைதியானவள். ஒரு மாசி மாதம், வேலை முடிந்து மூவரும் சூப்பர்மார்க்கெட் கார்த் தரிப்பிடத்தில் நடந்துகொண்டிருந்தபோது அக்கா சட்டென்று நின்றார். தள்ளுவண்டிகள் நிறுத்தும் கூரைக்குப் பக்கத்தில் ஒரு சிறு மரம். இலை ஒன்றும் இல்லை, சிவப்புப் பழம் மட்டும். அதில் கொண்டை வைத்த பறவைகள் கூட்டமாக இருந்து அவசர அவசரமாக விழுங்கிக்கொண்டிருந்தன. இளஞ்சிவப்பும் பழுப்பும் கலந்த உடம்பு. வால் நுனியில் மஞ்சள். சிறகில் அரக்கு முத்திரை வைத்ததுபோலச் சிவப்புப் பொட்டு. சனங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு கீழே போனார்கள், வந்தார்கள். ஒருவரும் மேலே பார்க்கவில்லை.

"முப்பத்தியொண்டு" என்றார் அக்கா. "முப்பத்தியொண்டை எண்ணினனான். கூடவும் இருக்கலாம்."

அவர் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "இதுகள் எல்லா வருசமும் வராது. அங்கை பழம் முடிஞ்சால்தான் கடலைத் தாண்டி இஞ்சாலை வரும்."

"அங்கை எண்டால் எங்கை அக்கா?" என்று சுகந்தி கேட்டாள்.

"நோர்வே. அதுக்கும் அங்காலை ரஷ்யா."

ரஷ்யா என்ற சொல்லைக் கேட்டதும் சுகந்தி மரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். கைப்பையைத் திறந்தாள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறைக்குள், ஓரம் மடங்கிய படம் ஒன்று இருந்தது. அவளுடைய அண்ணன். ஊரில் சண்டை முடிகிற காலத்தில், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் ஒருவனோடு புறப்பட்டவர். கடைசியாகப் போன் வந்தது ரஷ்யாவிலிருந்து. வடக்கால் ஒரு எல்லை இருக்கிறது, அதால் நோர்வேக்குப் போகப்போகிறோம் என்று சொன்னாராம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

"நீங்கள் அப்ப அங்கைதானே இருந்தனீங்கள். இவரைக் கண்டனீங்களோ அக்கா?"

அக்கா படத்தை வாங்கி, கொண்டைப் பறவைகளைப் பார்த்ததைவிட நெடுநேரம் பார்த்தார். "இந்த முகத்தை நான் காணேல்லை."

"வேற ஆரும் எங்கட ஆக்கள்? புதுசா?"

"சண்டை முடிஞ்ச வருசம் மாசியிலை, துறைமுகத்திலை ஒருத்தரின்ர முதுகைக் கண்டனான். அந்த ஊர் ஆள் இல்லை. ஆர் எண்டு சொல்ல ஏலாது."

"அது அண்ணாதான்" என்றாள் சுகந்தி.

"இருக்கலாம், பிள்ளை. இல்லாமலும் இருக்கலாம்."

சுகந்தி இரண்டாவது வசனத்தைக் கேட்கவேயில்லை. நானும்தான்.

அந்த வைகாசியில் சுகந்தியின் தாயார் ஊரில் படுத்துவிட்டார். பெரிய நோய் என்று ஒன்றும் இல்லை. சாப்பிட மறுத்தார். அவருடைய தம்பியின் மகள், முறைக்கு மருமகள், அவள்தான் கூட இருந்து பார்த்தாள். "மகன் இருக்கிறானோ இல்லையோ எண்டு ஒரு சொல்லுத் தெரிஞ்சால் காணும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். சாப்பாட்டு இடைவேளையில் சுகந்தி அக்காவின் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, போனிலை அம்மாவோடை ஒருக்காக் கதையுங்கோ. அண்ணாவைக் கண்டனான் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

"நான் காணேல்லையே, பிள்ளை."

"முதுகைக் கண்டதே அரைவாசி கண்டமாதிரித்தானே."

"முதுகைக் கண்டிட்டு முகம் எண்டு சொல்ல ஏலாது."

நான் இடையில் புகுந்தேன். "அங்கை ஒரு மனிசி சாகக் கிடக்குது. உங்களுக்கு உங்கட கொப்பிதான் பெரிசு" என்றேன். இன்னும் சில சொன்னேன். இங்கே எழுதினால் பிள்ளைகள் படிப்பார்கள். அக்கா தன் சோற்றுப் பெட்டியை மூடினார். சம்மதமாகத் தலையை ஆட்டவில்லை.

ஆக, நான் செய்தேன். நானாகவே முன்வந்தேன். கூடத்தில் சூப்பர்வைசர் மாதிரிக் கதைத்துக் காட்டிச் சிரிப்பு வாங்குகிறவன். ஒரு கிழவிக்கு நல்ல செய்தி சொல்வதா கஷ்டம்? ஞாயிற்றுக்கிழமை காலை சுகந்தியின் பிளாட்டில் இருந்து, ஸ்பீக்கரில் போட்டுக் கதைத்தேன்.

"அம்மா, நான் சுகந்தியோடை வேலை செய்யிறனான். நோர்வேக்குப் போன இடத்திலை உங்கட மகனைக் கண்டனான்."

"கண்டனியோ தம்பி?" குரல் மிக மெலிதாக இருந்தது.

"ஓம் அம்மா. ஆள் கொஞ்சம் கொழுத்திட்டார். பேப்பர் பிரச்சினையாம், அதாலைதான் போன் எடுக்க ஏலாமல் கிடக்காம். உங்களைத்தான் கேட்டவர்."

"சாப்பிட்டவனோ?"

இதற்கு ஓம் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் யார்? மூன்று, மூன்று, நான்கு, மூன்று என்று எழுதுகிற கலைஞன் அல்லவா. "என்னோடை ஒண்டா இருந்து சாப்பிட்டவர் அம்மா. சோறும் மீன் குழம்பும். அங்கை எல்லாரும் கரண்டியாலை சாப்பிட, இவர் வலக்கையாலை குழைச்சு, முழங்கை மட்டும் குழம்பு வழிய வழியச் சாப்பிட்டவர்."

மறுமுனையில் காற்றாடியின் சத்தம் கேட்டது. பிறகு, "சரி தம்பி. நீ சுகமா இரு" என்றார். போனை வைத்துவிட்டார்கள்.

நான் வெற்றியோடு சுகந்தியைப் பார்த்தேன். அவள் போனைக் கவிழ்த்து மேசையில் வைத்தாள்.

"அண்ணை, எங்கட அண்ணா இடக்கை."

"சோத்துக்குமோ?"

"சோத்துக்கும்தான். அம்மா அகப்பைக் காம்பாலை அடிச்சும் மாறேல்லை."

அன்று பின்னேரமே மருமகள் போன் எடுத்தாள். சுகந்தியின் அண்ணனுடைய படம் ஒன்று அந்த வீட்டு முன்அறையில் தொங்குகிறது. இத்தனை வருடமாக அதற்குப் பூப் போட அந்தத் தாய் விடவில்லை. போட்டால் செத்தவன் என்று ஆகிவிடும். சொந்தக்காரர்கள் கேட்டுப் பார்த்தார்கள். ஐயர் கேட்டுப் பார்த்தார். அசையவில்லை. நான் கதைத்து முடித்த பத்தாவது நிமிடம் அவர் மருமகளைக் கூப்பிட்டு, "படத்துக்குப் பொட்டு வைச்சு மாலை போடு" என்றாராம். ஏன் மாமி என்று அவள் கேட்டதற்குச் சொன்ன பதிலைச் சுகந்தி எனக்கு ஒளிக்காமல் சொன்னாள்: "உயிரோடை இருக்கிற ஆளைப் பற்றி ஒருத்தரும் இவ்வளவு வடிவாப் பொய் சொல்லமாட்டினம்."

ஒரு மனிதனை நான் மீன் குழம்பால் கொன்றேன். வேடிக்கையாகத்தான் எழுதுகிறேன். வேறு விதமாக எழுத எனக்கு வராது.

திங்கட்கிழமை சலாட் மேசைக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒலிவ் போட்டுக்கொண்டே கேட்டார். ஒரு கிண்ணத்தில் நான்கு போட்டுவிட்டு, பிறகு ஒன்றைத் திரும்ப எடுத்தார். "இடக்கை எண்டு அந்தப் பிள்ளை என்னட்டைச் சொல்லேல்லையே" என்றார்.

"அதைச் சொல்லி என்ன அக்கா? நீங்கள் முதுகைத்தானே கண்டனீங்கள்."

"முகத்தைக் கேட்டனீங்கள். முதுகைச் சொன்னனான். வேற என்ன கண்டனான் எண்டு நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லை."

அடுத்த நாள் ஒரு பிளாஸ்டிக் பையில் பழைய கொப்பி ஒன்றைச் சுற்றிக்கொண்டு வந்தார். அட்டையில் மீன் எண்ணெய்க் கறை. வேலை காலை ஷிப்ட் என்பதால் இரண்டு மணிக்கே முடிந்துவிட்டது. நேரே சுகந்தியின் பிளாட்டுக்குப் போனோம். அக்கா மேசையில் கொப்பியை விரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனை முன்னால் வைக்கச் சொன்னார். சுகந்தியையும் என்னையும் பார்த்து, வாய் திறக்கக் கூடாது என்பதுபோல ஒரு பார்வை.

"அம்மா, நான் அந்த நேரம் நோர்வேயிலை இருந்தனான். நான் கண்டதை மட்டும் சொல்லுவன். அதுக்கு மேலை என்னட்டை இல்லை."

"சொல்லு பிள்ளை."

அக்கா விரலை வைத்து வாசித்தார். "மாசி மாதம். காலமை. பனி கொட்டினது நிண்டிட்டுது. மீன் இறக்கிற மேடையிலை நிண்டனான். எனக்கு வலப்பக்கத்திலை ஒரு ஆள் வந்து நிண்டவர். ஒரு கையைக் கண்டனான். சாப்பிடுற பாணைப் பிய்ச்சுக் கடலுக்கை எறிஞ்சது. கையுறை இல்லை. எங்கட நிறம்."

"எந்தக் கை?"

"இடது."

சுகந்தி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"முகம்?"

"காணேல்லை அம்மா. நான் திரும்பேக்கை அவர் போகத் தொடங்கியிட்டார். முதுகுதான். கறுத்தத் தொப்பி."

"நடந்து போனவனோ?"

"ஓம். நொண்டாமல் நடந்து போனவர்."

"கையுறை இல்லையோ?"

"இல்லை."

"அந்தக் குளிருக்கை." தாய் கொஞ்சம் கோபமாகச் சொன்னதுபோல இருந்தது. பழைய கோபம்.

"அம்மா, இடக்கைக்காரர் கனபேர் இருக்கினம். அது உங்கட மகன் எண்டு நான் சொல்லேல்லை."

"நீ சொல்லேல்லை, பிள்ளை. நீ கண்டதைச் சொன்னனி." பிறகு போனை விட்டு முகத்தைத் திருப்பி யாரிடமோ சொல்வது கேட்டது. "அந்த மாலையைக் கழட்டு."

அன்று அவர் இரண்டு வாய் கஞ்சி குடித்தாராம். ஐப்பசி வரைக்கும் இருந்தார். செத்தவீட்டுப் படங்களை மருமகள் அனுப்பியிருந்தாள். கூட்டத்துக்குப் பின்னால் சுவரில் மகனுடைய படம் தெரிந்தது. அதில் ஒரு பூவும் இல்லை. அந்த அண்ணனைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. சுகந்தி படத்தை இப்போதும் பையில்தான் வைத்திருக்கிறாள்.

நோர்வே அக்காவும் இப்போது லண்டனில் இல்லை. மகள் ஒருத்தி இருந்தாளென்றும், அவளோடு மறுபடி வடக்கே போய்விட்டாரென்றும் சொல்கிறார்கள். நான் காணவில்லை, மூன்றாவது பத்தியில் போட வேண்டியது. நான் அந்தத் தாயிடம் சொன்னதை எந்தப் பத்தியில் போடுவது என்று சில வேளை யோசிப்பேன். அவருடைய கொப்பியில் நாலாவது பத்தி கிடையாது.

ஒன்றை மட்டும் இன்னும் சொல்லவில்லை. அன்று போனை வைத்த பிறகு சுகந்தி உள்ளே போய் அழுதாள். அக்கா அவளோடு போனார். கொப்பி மேசையில் திறந்தபடி கிடந்தது. எனக்குப் படிக்காமல் இருக்க வராது. அந்த நாளின் பக்கத்தில் கைக்கு ஒரு வரிதான் இருந்தது. முதுகுக்கு அரை வரி. மிச்சம் முழுவதும் ஒரு வாத்து. பச்சைத் தலை. கண்ணைச் சுற்றி வட்டமாக வெள்ளை, கறுப்பு விளிம்போடு, மூக்குக்கண்ணாடி போட்டதுபோல. அந்தக் கரைக்கு ஆயுளில் ஒரு தடவை வந்தாலும் வரும், வராவிட்டாலும் வராது என்று எழுதியிருந்தார். அலகின் நிறம், நீந்திய திசை, முங்கிய தடவைகள். ஓரத்தில் பென்சிலால் ஒரு படம். இருபத்தியிரண்டு வரிகள் எண்ணினேன்.

அடுத்த குளிர்காலம் ஒரு சனிக்கிழமை, அதே கரைப்பாதையில் நாங்கள் நின்றோம். என் மிதவை சுகமாக இருந்தது. அதற்குக் கொஞ்சம் அப்பால், வடக்கிலிருந்து வந்த சின்ன வெள்ளை வாத்து ஒன்று, உடம்பில் மெல்லிய கறுப்புக் கோடுகளோடு, தனியாக நீந்திக்கொண்டிருந்தது. பெரியவர்களெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அக்காவின் கண் பைனாகுலரில் ஒட்டியிருந்தது. கேட்கக் கூடாத நேரம் பார்த்துக் கேட்பதில் எனக்கு ஒரு திறமை உண்டு.

"அக்கா, கை எட்டுற தூரத்திலை எங்கட ஆள் ஒருத்தர் வந்து நிண்டிருக்கிறார். ஏன் அப்பவே ஒருக்காத் திரும்பி முகத்தைப் பாக்கேல்லை?"

தண்ணீரில் ஒரு பறவை இருக்கும்போது அவர் பைனாகுலரை இறக்கி நான் பார்த்ததில்லை. இறக்கினார். முழுதாக என் பக்கம் திரும்பி, என் முகத்தை, நெற்றியிலிருந்து நாடிவரை, மனப்பாடம் செய்வதுபோலப் பார்த்தார்.

"வாத்து பறந்திடும் எண்டு."